சாலையைப் பார்க்கும் மின்சாரக் கார்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் நம் தேவனூர் நாடும் ஒன்று. இங்கிருந்து காரவள்ளி வழியாகச் சமவெளிக்கு இறங்க வேண்டுமானால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், கியரைக் குறைக்கிறார், எதிரே வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். அவருக்கு ஒரு நொடிகூட ஓய்வு கிடையாது. காரவள்ளியைத் தாண்டி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக நாமக்கல்லை அடைந்துவிட்டாலோ காட்சியே மாறிவிடுகிறது. அங்கே ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அகன்று நீண்டு கிடக்கிறது. வளைவு இல்லை, ஏற்றம் இல்லை. சேலத்திற்கோ கரூருக்கோ ஒரே ஓட்டம்தான்.

இந்த நெடுஞ்சாலையில் இப்பொழுது சத்தமில்லாமல் மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. அவற்றுள் பலவற்றில் "ஓட்டுநர் துணை அமைப்பு" என்னும் புதிய வசதி இருக்கிறது. "அந்தக் கார் தானே ஓடுமாமே! ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டாமாமே!" என்று நம்மில் பலர் வியந்து பேசுகிறோம். இது உண்மைதானா? உண்மை என்றால் எவ்வளவு உண்மை? லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாமக்கல் மாவட்டத்தில் வாழும் நமக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. நம் வகுப்பிலேயே தந்தையோ அண்ணனோ மாமாவோ லாரி ஓட்டுநராக இல்லாத வீடு குறைவு. அவர்கள் இரவெல்லாம் கண் விழித்து ஓட்டும் சாலையில்தான் இந்தக் கார்களும் ஓடுகின்றன. ஆகவே இதைப் பற்றிச் சற்று ஆழ்ந்து படிப்போம்.

துணை எதற்கு?

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் 19 பேர்! அதாவது, நாம் ஒரு பாடவேளையை முடிப்பதற்குள் பன்னிரண்டு பேருக்கு மேல். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு என்பது வருந்தத்தக்க செய்தி. இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேரின் மரணத்திற்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது.

வேகம் ஏன் கொல்கிறது? பௌதிகப் பாடத்தைக் கொண்டே விடை காணலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடுகிறது. எதிரே ஆபத்தைக் கண்ட மனிதர் அதை உணர்ந்து, காலை எடுத்து, பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் கார் 42 மீட்டர் கடந்துவிடும். அதன் பிறகு நன்றாகப் பிரேக் பிடித்தாலும், உலர்ந்த சாலையில் அது நிற்க மேலும் 55 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 97 மீட்டர். நம் பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்திற்குக் கோடு போடுகிறார்களே, ஏறக்குறைய அந்தத் தூரம்! ஓட்டுநர் ஒரு விநாடி கண் அயர்ந்தால் இன்னும் 28 மீட்டர் கூடிவிடும்.

இந்த ஒன்றரை விநாடியைக் குறைக்க முடியுமா, கண் அயரும் அந்த ஒரு விநாடியில் வேறு யாராவது விழித்திருக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே ஓட்டுநர் துணை அமைப்பு.

பார்வையற்றவர் தந்த பரிசு

இதன் வரலாறு சுவையானது. காரின் வேகத்தைத் தானாகவே ஒரே சீராக வைத்திருக்கும் கருவியைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். இவர் ஐந்து வயதிலேயே ஒரு விபத்தில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். தம் வழக்கறிஞர் காரோட்ட, இவர் உடன் செல்வது வழக்கமாம். அந்த வழக்கறிஞர் பேசும்போது வண்டி மெதுவாகும். பேச்சை நிறுத்தினால் வேகம் கூடும். இந்தக் குலுங்கல் பயணமே டீட்டரைச் சிந்திக்கத் தூண்டியது என்பார்கள். 1950-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் அக்கருவியைத் தன் கார்களில் பொருத்தியது. கண்ணில்லாதவர் கண்ணுள்ளவர்க்கு வழி காட்டினார் என்றால் அது மிகையாகாது.

கிரைஸ்லர் நிறுவனம் அதற்கு "ஆட்டோ பைலட்" என்றே பெயர் சூட்டியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். வேகத்தை மட்டும் பிடித்து வைத்த, முன்னால் என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு கருவிக்குத் "தானே ஓட்டுபவன்" என்னும் பெரிய பெயர்! பெயர் பெரிதாகவும் ஆற்றல் சிறிதாகவும் இருக்கும் இந்தச் சிக்கல் இன்றுவரை தொடர்கிறது என்பதைப் பின்னால் காண்போம்.

1978-இல் ஜெர்மனியில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் பிரேக் முறை மெர்சிடிஸ் காரில் வந்தது. 1999-இல் அதே நிறுவனம் ராடார் கொண்டு முன்வண்டியின் தூரத்தை அளந்து, தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வாறு ஒவ்வொரு கல்லாக அடுக்கப்பட்டதே இன்றைய மாளிகை.

காரின் கண்கள்

மனிதருக்குக் கண்ணும் காதும் போல, இந்தக் கார்களுக்கு மூன்று புலன்கள் இருக்கின்றன.

முதலாவது காமிரா. முன் கண்ணாடியின் உட்புறம் மேல்பகுதியில் இது பொருத்தப்பட்டிருக்கும். சாலையின் வெள்ளைக் கோடுகள், முன் செல்லும் வண்டிகள், மனிதர்கள், வேகப் பலகைகள் ஆகியவற்றை இது படம் பிடிக்கிறது. காருக்குள் இருக்கும் கணிப்பொறி அந்தப் படத்தைப் பார்த்து, "இது லாரி, இது ஸ்கூட்டர்" என்று இனம் பிரிக்கிறது.

இரண்டாவது ராடார். காரின் முன் பம்பரில் இருந்து 77 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மின்காந்த அலைகள் புறப்படுகின்றன. அந்த அலையின் நீளம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் மலையில் விளையும் ஒரு மிளகு மணியின் அளவு என்று வைத்துக் கொள்ளலாம். 150 மீட்டர் தூரத்தில் இருக்கும் லாரியின் மீது பட்டு அந்த அலை திரும்பி வர ஆகும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! அந்த நேரத்தைக் கொண்டு கணிப்பொறி தூரத்தை அறிகிறது. மலைப் பாதையில் நெருங்கி வரும் பேருந்தின் ஹாரன் ஒலி கீச்சென்றும், நம்மைக் கடந்து சென்ற பிறகு சற்றுத் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அதுவே டாப்ளர் விளைவு. அதே விளைவு ராடார் அலைக்கும் உண்டு. அதனால் முன்வண்டி நெருங்குகிறதா, விலகுகிறதா, என்ன வேகத்தில் என்பதும் தெரிந்துவிடுகிறது. ராடாருக்கு இருளும் பகலும் ஒன்றே.

மூன்றாவது மீயொலி உணர்வி. வௌவால் போல ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது இது. சில மீட்டர் தூரம் மட்டுமே இதற்கு எட்டும். ஆகையால் வண்டியை நிறுத்தும்போது பயன்படுமேயன்றி, நெடுஞ்சாலை வேகத்திற்கு உதவாது.

நெடுஞ்சாலையில் நடப்பது என்ன?

ஓட்டுநர் நாமக்கல்லைத் தாண்டி நான்கு வழிச் சாலையில் ஏறியதும், ஸ்டீயரிங்கில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தி 80 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பிறகு நடப்பவை இவை:

முதலாவது, சாலை காலியாக இருந்தால் கார் 80-இலேயே செல்கிறது. முன்னால் 60-இல் ஒரு லாரி சென்றால், தானும் 60-க்குக் குறைந்து, குறிப்பிட்ட இடைவெளி விட்டுப் பின்தொடர்கிறது. லாரி விலகியதும் மீண்டும் 80-ஐ அடைகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி இடைவெளி என்றால் 44 மீட்டர் ஆகும்.

இரண்டாவது, காமிரா இரு புறத்து வெள்ளைக் கோடுகளையும் பார்த்துக்கொண்டே வருகிறது. கார் கோட்டை நோக்கிச் சாய்ந்தால், ஸ்டீயரிங்கோடு இணைந்த சிறு மோட்டார் அதை மெல்லத் தடத்தின் நடுவுக்குத் திருப்புகிறது.

மூன்றாவது, முன்வண்டி திடீரென்று நின்றால் முதலில் எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. ஓட்டுநர் ஒன்றும் செய்யாவிட்டால் தானே பிரேக்கை அழுத்துகிறது. மோதலை முற்றிலும் தவிர்க்க முடியாமல் போனாலும் அதன் வேகத்தைக் குறைக்கிறது.

நான்காவது, பக்கக் கண்ணாடியில் தெரியாத மறைவிடத்தில் வேறு வண்டி வந்தால் பின்புற ராடார் கண்டுபிடித்து, கண்ணாடியிலேயே ஒரு விளக்கைக் காட்டுகிறது.

ஐந்தாவது, ஓட்டுநரையும் கண்காணிக்கிறது. கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதா என்று பார்க்கிறது. சில கார்களில் ஒரு காமிரா அவருடைய கண்ணையே பார்த்து, உறக்கம் வந்தால் எச்சரிக்கிறது.

மின்சாரத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

துணை அமைப்பு மின்சாரக் காருக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடக் கூடாது. பெட்ரோல், டீசல் கார்களிலும் அது உண்டு. ஆனால் மின்சாரக் காரோடு அது மிக நன்றாக இணங்கிப் போகிறது. காரணங்கள் இரண்டு.

முதற் காரணம், மின் மோட்டார் கட்டளைக்கு உடனே பணியும். என்ஜினில் காற்றும் எரிபொருளும் புகுந்து, எரிந்து, கியர் மாறி வேகம் பிறக்க வேண்டும். மோட்டாரிலோ மின்னோட்டத்தை மாற்றினால் போதும். ஆகவே இடைவெளியைக் கூட்டுவதும் குறைப்பதும் குலுங்காமல் நடக்கிறது.

இரண்டாவது காரணம், மோட்டாரே பிரேக்காகவும் வேலை செய்யும். வேகத்தைக் குறைக்க வேண்டியபோது மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தின் இயக்க ஆற்றலை மின்சாரமாக்கி பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. முன்வண்டி மெதுவானதை ராடார் தூரத்திலேயே கண்டுவிட்டால், பிரேக் தேயாமல் மோட்டாரைக் கொண்டே மெல்ல வேகத்தைக் குறைத்துவிடலாம்.

இதை நம் மலையைக் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போமா? 2,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று கொள்வோம். நிலை ஆற்றல், நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். 2,000 × 9.8 × 1,000 = 1,96,00,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36,00,000 ஜூல் ஆகும். ஆகவே இது சுமார் 5.4 யூனிட். இதில் பாதி திரும்பக் கிடைத்தாலும் 2.7 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அது 16 கிலோமீட்டர் பயணம்! டீசல் வண்டியில் இவ்வளவும் பிரேக் சூடாகிக் காற்றில் கலந்து போகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மலை உச்சியில் பாட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடமிராது. நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியுமா? அப்போது சாதாரணப் பிரேக்கையே நம்ப வேண்டும். ஆகையால் மலையிலிருந்து இறங்குபவர் பாட்டரியில் சிறிது இடம் விட்டு வைப்பது அறிவுடைமை.

சமவெளியிலும் ஒரு சிக்கனம் உண்டு. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. 80-இலிருந்து 100-க்குச் சென்றால் அந்த விசை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். சீரான வேகத்தைக் காக்கும் துணை அமைப்பு, மின்சாரத்தையும் காக்கிறது.

ஆறு படிகள்

அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் 2014-இல் தானியங்கி ஆற்றலை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்தது. 0-ஆம் படியில் கார் எச்சரிக்கை தரலாம். ஓட்டுவது முழுவதும் மனிதரே. 1-ஆம் படியில் வேகம் அல்லது ஸ்டீயரிங் இரண்டில் ஒன்றைக் கார் பார்த்துக்கொள்ளும். 2-ஆம் படியில் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் மனிதர் சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 3-ஆம் படியில் சில இடங்களில் மட்டும் கார் பொறுப்பேற்கும். அழைத்தால் மனிதர் உடனே ஏற்க வேண்டும். 4-ஆம் படியில் குறிப்பிட்ட பகுதிக்குள் மனிதரே தேவையில்லை. 5-ஆம் படியில் எங்கும் எப்போதும் தேவையில்லை.

2021-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 3-ஆம் படிக் காரை வெளியிட்டது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் வேமோ என்னும் நிறுவனம் ஓட்டுநர் இல்லாத 4-ஆம் படி மின்சார டாக்சிகளை இயக்கி வருகிறது. 5-ஆம் படிக்கு உலகில் எவரும் இன்னும் ஏறவில்லை.

நம் நாட்டு நெடுஞ்சாலையில் ஓடும் துணை அமைப்புக் கார்கள் 2-ஆம் படியைச் சேர்ந்தவை. இதில் தமிழ்நாட்டின் பங்கு சிறிதன்று. செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள மஹிந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் உருவான மின்சாரக் கார்கள் 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமாயின. 2025 ஜனவரியில் வெளிவந்த ஹூண்டாய் கிரெட்டாவின் மின்சார வடிவம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தயாராகிறது. 2025 ஆகஸ்டில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது. உப்புக்கும் முத்துக்கும் பெயர் பெற்ற ஊர் இன்று மின்சாரக் காருக்கும் பெயர் பெறுகிறது!

எங்கே தடுமாறுகிறது?

இதுவரை நன்மைகளைக் கண்டோம். ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது படிப்பு ஆகாது.

2016 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், "ஆட்டோ பைலட்" இயக்கத்தில் சென்ற டெஸ்லா மின்சாரக் கார் ஒன்று, சாலையின் குறுக்கே திரும்பிய லாரியின் அடியில் புகுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். பளபளக்கும் வானத்தின் பின்னணியில் லாரியின் வெண்மையான பக்கத்தைக் கணிப்பொறியும் கண்டுகொள்ளவில்லை, மனிதரும் கவனிக்கவில்லை. அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் தந்த முடிவில், லாரி வழி விடாததோடு, ஓட்டுநர் கருவியை அளவுக்கு மீறி நம்பியதையும், நெடுநேரம் கவனமின்றி இருக்க அந்தக் கருவி இடம் கொடுத்ததையும் காரணங்களாகக் காட்டியது. 2023 டிசம்பரில் அதே நிறுவனம், ஓட்டுநரின் கவனத்தைச் சரிபார்க்கும் முறையை வலுப்படுத்துவதற்காக அமெரிக்காவில் 20 லட்சம் கார்களுக்குத் திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. 1958-இல் தொடங்கிய பெயர்ச் சிக்கல் எங்கே வந்து நின்றது பாருங்கள்!

நமக்கு மிக நெருக்கமான ஆபத்து வேறொன்று உண்டு. அதுதான் நின்றுகொண்டிருக்கும் லாரி. சாலையோரப் பலகை, தடுப்புச் சுவர், பாலம் எல்லாவற்றிலும் பட்டு ராடார் அலை திரும்புகிறது. நிற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பிரேக் பிடித்தால் கார் ஓடவே முடியாது. ஆகவே பல அமைப்புகள் நகரும் பொருளுக்கே முதலிடம் தருகின்றன. நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் காமிராவின் துணையோடு அறிய முயன்றாலும், அதிவேகத்தில் அது தவறலாம் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. முன்னால் செல்லும் கார் கடைசி நொடியில் விலகி, அதற்கு முன்னால் விளக்கில்லாத லாரி நின்றால் நிலைமை மிக மோசம். டயர் வெடித்தோ, டீ குடிக்கவோ சாலையோரம் நிறுத்தப்பட்ட லாரிகள் நம் நெடுஞ்சாலையில் எத்தனை! அதன் அடியில் படுத்து ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருப்பவர் நம் வீட்டுக்காரராகவே இருக்கலாம் அன்றோ?

இன்னும் பல உண்டு. வெள்ளைக் கோடு அழிந்த இடத்தில் தடம் காக்கும் காமிராவுக்கு வழி தெரியாது. எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள், சாலையைக் கடக்கும் ஆடு மாடு, வைக்கோல் பிதுங்கி நிற்கும் வண்டி ஆகியவை இதற்குப் பெரும் சோதனை. மழையும் மூடுபனியும் காலை வெயிலும் காமிராவின் கண்ணைக் கூசச் செய்யும்.

நம் மலைப் பாதைக்கு இது பொருந்துமா? பொருந்தாது என்பதே விடை. ராடார் அலை நேராகச் செல்வது. கொண்டை ஊசி வளைவில் அது பாறையைப் பார்க்குமேயன்றி, வளைவுக்கு அப்பால் வரும் பேருந்தைப் பார்க்காது. தடம் காக்கும் அமைப்போ நெடுஞ்சாலையின் மென்மையான வளைவுகளுக்காகச் செய்யப்பட்டது. ஆகவே காரவள்ளியிலேயே அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு ஏறுவதே சரி. அந்த 70 வளைவுகளிலும் நம் ஓட்டுநரின் கண்ணுக்கும் ஹாரனுக்கும் ஈடு இல்லை.

பொறுப்பு யாருடையது?

2-ஆம் படிக் காரில் பொறுப்பு முழுவதும் ஓட்டுநருடையதே. இங்கேதான் ஒரு புதிர் இருக்கிறது. கருவி நன்றாக வேலை செய்யச் செய்ய, மனிதரின் கவனம் தளர்கிறது. நூறு முறை சரியாகப் பிரேக் பிடித்த கார் நூற்றோராவது முறையும் பிடிக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. திருவள்ளுவர் "பொச்சாவாமை" என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மகிழ்ச்சியிலும் நம்பிக்கையிலும் மறதி கொள்ளாதிருத்தலே அதன் பொருள். இன்றைய நெடுஞ்சாலைக்கும் அதே அதிகாரம்தான் பாடம்.

ஓட்டுநரே வேண்டாம் என்று ஆகிவிடுமோ, நம் வீடுகளில் அடுப்பு எரியுமோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிப்பதற்கில்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்காரி 2017-லேயே கூறினார். லட்சக்கணக்கான ஓட்டுநர்களின் பிழைப்பையே அவர் காரணமாகக் காட்டினார். அதே வேளையில், லாரிகளிலும் பேருந்துகளிலும் தானியங்கி அவசரப் பிரேக், உறக்க எச்சரிக்கை, தடம் விலகும் எச்சரிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை அரசு 2025-இல் வெளியிட்டது. இது வரவேற்கத்தக்கது. விலை உயர்ந்த காரில் செல்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, இரவெல்லாம் முட்டையும் மரவள்ளிக்கிழங்கும் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநருக்கும் கிடைக்க வேண்டும் அல்லவா? அவருடைய வேலையைப் பறிக்கும் கருவி வேண்டாம். அவருடைய உயிரைக் காக்கும் கருவி வேண்டும். இதுவே நம் விருப்பம்.

நாம் செய்யக் கூடியவை

நம்மிடம் மின்சாரக் கார் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நாம் செய்யக் கூடியவை பல உண்டு.

1. லாரி வைத்திருக்கும் நம் உறவினர்களிடம், பின்பக்கம் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கரைத் துடைத்து வைக்கச் சொல்வோம். காமிராவுக்கும் மனிதக் கண்ணுக்கும் அதுவே விளக்கு.

2. பழுதாகி நின்றால் வண்டியைச் சாலையை விட்டு முற்றிலும் இறக்கி, முக்கோணப் பலகையைத் தொலைவில் வைத்து, நான்கு விளக்குகளையும் எரியவிடச் சொல்வோம்.

3. நெடுஞ்சாலையோரம் இருட்டில் நடக்கும்போது வெளிர் நிற ஆடை அணிவோம்; கையில் டார்ச் வைத்திருப்போம்.

4. காரில் எந்த இருக்கையில் அமர்ந்தாலும் பெல்ட் அணிவோம். எந்தக் கணிப்பொறியும் பெல்ட்டுக்கு ஈடாகாது.

5. தூக்கம் வருகிறது என்று ஓட்டுபவர் சொன்னால், "பரவாயில்லை, நேரமானாலும் ஆகட்டும், சற்றுத் தூங்கிவிட்டுப் போகலாம்" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

தோழியரே! வேதாகமத்தில் பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். விளக்கு பத்துப் பேர் கையிலும் இருந்தது. எண்ணெயும் முன்யோசனையும் ஐவரிடம் மட்டுமே இருந்தன. விஞ்ஞானம் இன்று நம் கையில் அழகிய விளக்கைக் கொடுத்திருக்கிறது. ராடாரும் காமிராவும் மின் மோட்டாரும் அந்த விளக்கின் உறுப்புகள். அதில் ஊற்ற வேண்டிய எண்ணெய் நம் கவனம். அதை எந்தத் தொழிற்சாலையும் செய்து விற்க முடியாது. விஞ்ஞானத்தைக் கற்போம்; அதன் எல்லையையும் சேர்த்தே கற்போம். நம்மில் சிலர் நாளை பொறியாளர்களாகி, வளைவுக்கு அப்பால் வரும் பேருந்தையும் பார்க்கும் கண்ணைக் கண்டுபிடிக்கட்டும். அதுவரை, மலை ஏறுபவர் ஹாரன் அடிக்கட்டும். சாலையில் செல்வோர் அனைவரும் நலமாக வீடு வந்து சேரட்டும்!